சபையில் கேள்வி கேட்டவருக்கு என்ன ஆகிறது?

"எங்க பாஸ்டர் கொஞ்சம் கோபக்காரர்" என்று ஒருவர் சொன்னால் அதில் பயப்பட ஒன்றுமில்லை. கோபம் எல்லோருக்கும் வரும். "எங்க பாஸ்டர்கிட்ட யாரும் எதுவும் கேட்க முடியாது" என்று சொன்னால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். முதலில் சொன்னது ஒரு மனிதரின் சுபாவம். அடுத்தது ஒரு சபையின் நிலைமை. நலமற்ற தலைமை என்று இந்தக் கட்டுரையில் சொல்வது இரண்டாவதைத்தான்.

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள், கல்யாணமாகிக் கணவர் வீட்டுச் சபைக்குப் போன பெண்கள், ஓசூருக்கு வேலைக்கு வந்து பக்கத்துத் தெருவில் பாட்டுச் சத்தம் கேட்டு உள்ளே போய் உட்கார்ந்தவர்கள், இவர்களை நினைத்தே எழுதுகிறேன். பிறந்ததிலிருந்தே சபையில் இருப்பவர்களுக்குப் பல விஷயம் பழகிப்போயிருக்கும். புதியவர்களுக்கோ எது வழக்கம், எது வரம்பு மீறல் என்று பிரித்துப் பார்க்க ஆள் இருக்காது.

எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சபைகள் பல விதம். கோவிலூர், எலத்தகிரி போலத் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர் வாழும் ஊர்கள் உண்டு. 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மறைமாவட்டம் ஆனது. கிருஷ்ணகிரியில் 1895-இல் தொடங்கிய லூத்தரன் பணி உண்டு. சி.எஸ்.ஐ. சபைகள் உண்டு. ஓசூர் சிப்காட்டைச் சுற்றியும், பென்னாகரம், அரூர், ஊத்தங்கரைப் பக்கமும் வாடகைக் கட்டடத்திலோ தகரக் கொட்டகையிலோ கூடும் பெந்தெகொஸ்தே சபைகளும் சுயாதீன சபைகளும் உண்டு. ஆராதனை முறை மாறும். பாஸ்டர், ஐயர், ஃபாதர் என்று கூப்பிடும் விதம் மாறும். நான் சொல்லப்போகும் அடையாளங்கள் இவை எதிலும் தலைகாட்டலாம்.

சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான். ஒருவர் கையில் அதிகாரம் இருக்கிறது. அவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. யாராவது கேட்டால் கடவுளின் பெயரைச் சொல்லி வாயை அடைக்கிறார். அதிகாரம் இருப்பது மட்டுமே தவறல்ல. சபையை நடத்த ஒருவர் வேண்டும். மற்ற இரண்டும் அதோடு சேர்ந்துகொண்டால் ஆபத்து தொடங்கிவிட்டது. அதைக் கண்டுபிடிக்க அவருடைய குரலையோ சட்டையையோ காரையோ பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். சபையில் கேள்வி கேட்டவருக்கு அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்று பாருங்கள்.

பாலக்கோடு பக்கம் ஒரு சபையில் நடந்ததை அருகிலிருந்து பார்த்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குப் பதில் கான்கிரீட் கட்டடம் வேண்டும் என்று வருடக்கணக்கில் விசேஷக் காணிக்கை எடுத்தார்கள். வேலையோ அஸ்திவாரத்தோடு நின்றுபோனது. ஆராதனை முடிந்து அறிவிப்பு நேரத்தில் ஒரு அக்கா எழுந்தார். தக்காளி மண்டியில் கூலிக்குப் போகிறவர். தெருவில் உள்ள மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவரும் அவர்தான். "ஐயா, கட்டட நிதியில இதுவரைக்கும் எவ்வளவு சேர்ந்திருக்கு, எவ்வளவு செலவாயிருக்குன்னு சொன்னீங்கன்னா நாங்களும் அதுக்காக ஜெபிக்க வசதியா இருக்கும்" என்றார். குரலில் துளி காரம் இல்லை. பாஸ்டர் சிரித்துக்கொண்டே, "நல்லதும்மா, சொல்றேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு பிரசங்கம் கோராகைப் பற்றி. மோசேக்கு விரோதமாக எழும்பின கோராகு, பூமி வாயைத் திறந்து விழுங்கின கோராகு. பெயர் எதுவும் சொல்லவில்லை. எல்லோரும் ஒரு பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். புதன்கிழமை அந்த அக்கா வீட்டில் நடக்க வேண்டிய ஜெபக்கூட்டம் வேறு வீட்டுக்கு மாறியது. பாடல் குழுவில் இருந்த அவருடைய மகளிடம், "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா" என்றார்கள். யாரும் திட்டவில்லை, யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சபையில் கட்டட நிதியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

இதைத்தான் முதல் அடையாளம் என்கிறேன். கேட்ட கேள்வி அப்படியே கிடக்கும். கேட்டவர் பிரச்சினை ஆகிவிடுவார். கோராகின் ஆவி, தகப்பன் தாவீதுக்கே விரோதமாக எழும்பின அப்சலோமின் ஆவி, பெண்ணாக இருந்தால் பொல்லாத ராணி யேசபேலின் ஆவி என்று பட்டம் வரும். இந்தப் பெயர்களை உங்கள் சபையில் அடிக்கடி கேட்கிறீர்கள் என்றால், அவை யாரைக் குறிவைத்து வருகின்றன, எந்தக் கேள்விக்குப் பிறகு வருகின்றன என்று கவனியுங்கள்.

கோராகைப் பிரசங்கிக்கிறவர்கள் பலர் அதே அதிகாரத்தில் ஒரு வசனத்தைத் தாண்டிப்போய்விடுகிறார்கள். எண்ணாகமம் 16:15-இல் மோசே தன் கணக்கைச் சொல்கிறார்: இவர்களிடமிருந்து ஒரு கழுதையைக்கூட நான் எடுக்கவில்லை, ஒருவருக்கும் தீங்கு செய்யவில்லை என்கிறார். எதிர்த்து நின்றவர்கள் முன்னால்கூட அவருடைய கை சுத்தமாக இருந்தது. சாமுவேல் தீர்க்கதரிசி வயதான காலத்தில் ஜனங்களைக் கூட்டி, யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாரிடம் பரிதானம் (லஞ்சம்) வாங்கினேன் சொல்லுங்கள் என்று தானே கேட்கிறார் (1 சாமுவேல் 12:3). கட்டட நிதிக் கணக்கு வேண்டுமா? யாத்திராகமம் 38-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். ஜனங்கள் ஆராதனைக்காகச் செய்த ஆசரிப்புக் கூடாரத்துக்கு வந்த பொன் 29 தாலந்து 730 சேக்கல், வெண்கலம் 70 தாலந்து 2400 சேக்கல் என்று எடை போட்டு, எது எதற்குச் செலவானது என்றும் எழுதியிருக்கிறது. மோசே கட்டளையிட, இத்தாமாரின் பொறுப்பில் லேவியர் எழுதிய கணக்கு அது. வனாந்தரத்தில் கூடாரம் போட்டுக்கொண்டு நடந்தவர்களால் இதைச் செய்ய முடிந்தது.

"அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்பது இன்னொரு பூட்டு. பாஸ்டரைப் பற்றிக் கேள்வி கேட்டாலே சாபம் வரும் என்று இந்த வசனத்தைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். அது சங்கீதம் 105-இல் 15-ஆம் வசனம். அதற்கு முன்னால் உள்ள மூன்று வசனங்களையும் சேர்த்துப் படித்தால் யார் யாருக்குச் சொன்னது என்று தெரிந்துவிடும். சொந்த நிலம் இல்லாமல் தேசம் தேசமாக அலைந்த ஒரு சிறு கூட்டத்துக்குத் தீங்கு செய்யாதீர்கள் என்று ராஜாக்களைக் கடிந்துகொண்ட வார்த்தை அது. அதிகாரம் உள்ளவர்களிடமிருந்து ஏழைகளைக் காக்கச் சொன்னதை எடுத்து, அதிகாரம் உள்ளவரை ஏழைகளின் கேள்வியிலிருந்து காக்கப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு இதில்தான் மிகுந்த வருத்தம்.

தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவை, அபிஷேகம் பண்ணப்பட்டவர் என்பதால் தாவீது கொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் குகையிலிருந்து வெளியே வந்து, எல்லோர் காதிலும் விழும்படி சவுலின் அநியாயத்தை அவன் முகத்துக்கு நேரே சொன்னான். சவுல் அழுதான், ஒத்துக்கொண்டான். அப்படியும் தாவீது அவனோடு வீட்டுக்குப் போகவில்லை. தன் அரணான இடத்துக்கே திரும்பினான். 1 சாமுவேல் 24 முழுவதையும் ஒரே மூச்சில் படித்தால் இது விளங்கும். பேதுரு தவறு செய்தபோது பவுல் எல்லோர் முன்னிலும் எதிர்த்தார் என்று கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. பவுல் சொன்னதையே வேதத்தில் ஒத்துப் பார்த்த பெரேயா ஊராரை அப்போஸ்தலர் 17:11 குறை சொல்லவில்லை, பாராட்டுகிறது. எங்கள் கிருஷ்ணகிரிச் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1895-இல் இங்கே அமெரிக்காவின் மிசூரி லூத்தரன் சபையின் பணியைத் தொடங்கிய நேதர், மோன் என்ற மிஷனெரிகள் இருவரும், அதற்கு முன்பு தாங்கள் ஊழியம் செய்த ஜெர்மனியின் லீப்சிக் மிஷனோடு வேதத்தைப் பற்றிய உபதேசத்தில் ஒத்துப்போகாமல் அங்கிருந்து விலக்கப்பட்டவர்கள். தலைமையோடு மாறுபட்டுப் பேசியவர்கள் கொண்டுவந்த சுவிசேஷத்தில் பிறந்த சபைகளில், மாறுபட்டுப் பேசுவது துரோகம் ஆக முடியாது.

காணிக்கைப் பணம்

பணத்தில் எல்லாச் சபைக்கும் ஒரே மாதிரி ஏற்பாடு இருக்காது. இருபது பேர் கூடும் வீட்டுச் சபையில் ஆடிட்டர் வைக்க முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையை யார் எண்ணுகிறார்கள் என்பதை எவரும் பார்க்கலாம். உறவுக்காரர் அல்லாத இரண்டு பேர் அன்றே எண்ணி, நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டால் போதும். பை நேராக பாஸ்டர் வீட்டு உள்ளறைக்குப் போகிறதா? சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் சபைப் பெயர் வருகிறதா, ஒரு தனி மனிதரின் பெயர் வருகிறதா?

இந்த இடத்தில் எங்கள் மாவட்டப் பெண்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் முதன்முதலில் தொடங்கியது தருமபுரியில்தான், 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. கிருஷ்ணகிரி அப்போது தருமபுரியோடு சேர்ந்தே இருந்தது. 2004-இல்தான் தனி மாவட்டம் ஆனது. இத்தனை வருடங்களில் குழுவில் எப்படிப் பணம் கையாள வேண்டும் என்பது இங்கே எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரியும். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பணத்தை எண்ண வேண்டும், வரவு செலவைச் சத்தமாகப் படிக்க வேண்டும், தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும், வங்கியில் ஒருவர் கையெழுத்து மட்டும் செல்லக்கூடாது. நூறு ரூபாய் இடித்தாலும் அங்கே விடமாட்டார்கள். இதே பெண்கள் ஞாயிற்றுக்கிழமை முக்காடு போட்டுக்கொண்டு உட்காரும்போது, கேட்பது பாவம் என்று நம்ப வைக்கப்படுகிறார்கள். குழுவில் உள்ள ஒழுங்கைச் சபையில் எதிர்பார்ப்பதில் அவிசுவாசம் எதுவும் இல்லை. பவுல் எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைத் தான் மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஒருவரும் குற்றம் சொல்ல இடமிருக்கக்கூடாது என்று சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட அனுப்பினார். 2 கொரிந்தியர் 8:19 முதல் 21 வரை அதைத்தான் சொல்கிறது.

சட்டப்படியும் சில வழிகள் உண்டு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி பதிவான சபையானால் வருடாந்திரப் பொதுக்குழு கூட வேண்டும், கணக்கை உறுப்பினர்கள் முன் வைக்க வேண்டும், பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். டிரஸ்ட் ஆனால் பத்திரத்தில் டிரஸ்டிகள் யார் யார் என்று பார்க்க வேண்டும். பாஸ்டர், அவர் மனைவி, மகன், மைத்துனர் என்று நான்கு பேரும் ஒரே வீட்டில் இருந்தால் அது குடும்பச் சொத்து மாதிரித்தான் நடக்கும். சபை இடம் யார் பெயரில் இருக்கிறது என்று அறிய யாரிடமும் கெஞ்ச வேண்டாம். சர்வே எண் தெரிந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை எவரும் பார்த்துக்கொள்ளலாம். கத்தோலிக்கப் பங்குகளில் திருச்சபைச் சட்டம் 537-ஆம் விதிப்படி நிதிக்குழு கட்டாயம் இருக்க வேண்டும். உங்கள் பங்கில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள், எப்போது கூடினார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைக் கொடுக்காததால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது என்று சொல்கிறவர் பணத்துக்காகப் பயத்தை விற்கிறார். இதற்கு மேல் அதில் விளக்க ஒன்றுமில்லை.

ரகசியமும் தீர்க்கதரிசனமும்

பணத்தைவிட ஆழமாகக் காயப்படுத்துவது ஒன்று உண்டு. வியாழக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் பிறகு ஒரு பெண் பாஸ்டரம்மாவிடம் அழுதுகொண்டே சொல்கிறாள்: புருஷன் பெங்களூரில் வேலை செய்கிற இடத்தில் வேறொரு தொடர்பு, வீட்டுக்குப் பணம் வருவதில்லை. ஞாயிறு ஆராதனையில் கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தி பாஸ்டர் சொல்கிறார்: "இங்கே ஒரு சகோதரி இருக்கிறாய். உன் புருஷன் தூர தேசத்தில் வேறொரு வாசலில் நிற்கிறான் என்று கர்த்தர் எனக்குக் காட்டுகிறார்." சபை "அல்லேலூயா" என்கிறது. அந்தப் பெண்ணுக்கு உடம்பு நடுங்குகிறது. புதியவர்களுக்கு அது அற்புதம். அவளுக்கு மட்டும் தெரியும், கர்த்தர் காட்டவில்லை, அவள்தான் சொன்னாள் என்று. தெரிந்தும் வெளியே சொல்ல முடியாது. சொன்னால் தன் வீட்டு விஷயம் முழுதாக வெளியே வரும்.

நம்பிச் சொன்னது மேடைக்கு வந்தால், வேறெதுவும் பார்க்க வேண்டாம், உங்கள் ரகசியத்தை அங்கே இனிமேல் சொல்லாதீர்கள். ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் வாட்ஸப் குழுவில் ஒருவருடைய குடும்பச் சண்டையைப் போடுவதும் இதே வகைதான்.

இதையொட்டியே மருந்து விஷயம். ஜெபிப்பதும் எண்ணெய் பூசுவதும் வேதத்தில் உள்ளது. அதை நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். மாத்திரையை நிறுத்தச் சொல்வது வேறு. வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிரே போகலாம். சிறு வயதிலேயே வரும் சர்க்கரை நோயில் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களில் நிலைமை கைமீறிவிடும். காசநோய்க்கு ஆறு மாத மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறும், வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றும். "சுகமாயிட்டேன்னு அறிக்கை பண்ணுங்க, மாத்திரை எடுத்தா அவிசுவாசம்" என்று சொல்லும் தலைவர், நாளை ஏதாவது ஆனால் "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று பழியையும் நோயாளி தலையிலேயே போடுவார். சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர். எங்கள் ஊர்க்காரர்கள் பெரிய வியாதி என்றால் ஓடுகிற வேலூர் சி.எம்.சி., 1900-இல் ஐடா ஸ்கடர் என்ற மிஷனெரி அம்மா ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியது. ஜெபமும் மருந்தும் அங்கே ஒரே கட்டடத்தில்தான் இருக்கின்றன.

வீட்டுக்குள் வரும் கை

ஆலோசனை கேட்பது நல்ல வழக்கம். கேட்காமலே முடிவு வருவதுதான் கெட்டது. எந்த வேலைக்குப் போகலாம், யாரைக் கட்டலாம், கிறிஸ்தவர் அல்லாத பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்குப் போகலாமா, மகனை எந்தக் காலேஜில் சேர்க்கலாம் என்று எல்லாம் ஒருவர் வாயிலிருந்து வரத் தொடங்கினால் குடும்பம் மெல்ல அவர் கைக்குள் போய்விடும். "ஆவிக்குரிய தகப்பன்", "கவரிங்" (தலைவரின் கீழ் இருப்பதால் கிடைக்கும் பாதுகாப்பு) என்ற வார்த்தைகள் இங்கே புழங்கும். சபையின் கவரிங்கை விட்டுப்போனால் விபத்து வரும், வியாபாரம் விழும் என்பார்கள். திருப்பூருக்கோ பெங்களூருக்கோ பிழைக்கப் போன பையன் அங்கே பக்கத்திலுள்ள சபைக்குப் போனால், "அனுமதி இல்லாமல் போனான்" என்று அவன் அம்மாவை இங்கே நிற்க வைத்துக் கேட்பார்கள்.

கல்யாணத்துக்குச் சபை தரும் சம்மத லெட்டரும் கல்லறை இடமும் இந்தக் கையில் உள்ள இரண்டு பெரிய கயிறுகள். மகளுக்கு நிச்சயம் ஆன பிறகு, "சபை பாக்கி கட்டுங்க, மன்னிப்புக் கேளுங்க, அப்புறம் லெட்டர்" என்றால் எந்தத் தகப்பனும் பணிந்துவிடுவார். பயப்பட வேண்டாம். இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், 1872-இன்கீழ் பாஸ்டர் மட்டுமல்ல, அரசு நியமித்த திருமணப் பதிவாளரும் திருமணத்தை நடத்திவைக்கலாம். 1954-ஆம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டப்படி முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுத்துப் பதிவு அலுவலகத்தில் செய்துகொள்ளவும் வழி உண்டு. ஆசீர்வாத ஜெபத்துக்கு வேறொரு போதகர் வருவார்.

பிள்ளைகள் விஷயத்தில் யோசிக்கவே இடமில்லை. ஞாயிறு பள்ளியிலோ வாலிபர் முகாமிலோ ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு பூட்டிய அறையில் தனியாக இருக்கக்கூடாது. பாஸ்டருக்கும் அதே விதிதான். பாலியல் துன்புறுத்தல் நடந்தது தெரிந்தால், சபைக்குள் பேசி மன்னித்து முடிக்கிற விஷயம் அல்ல அது. 2012-ஆம் வருட போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, தெரிந்த ஒவ்வொருவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் மறைத்தவருக்கும் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098. பெண்களுக்கு 181. மத்தேயு 18-ஐக் காட்டி, "முதலில் தனியாகப் போய்ப் பேசு" என்று அந்தப் பிள்ளையைத் தவறு செய்தவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது இன்னொரு கொடுமை.

"வெளியே சொன்னால் நம் பெயர் கெடும்"

எங்கள் மாவட்டங்களில் கிறிஸ்தவர்கள் மிகச் சிறு கூட்டம். ஊரில் ஒருசிலர் சபை மேல் ஏற்கெனவே கண் வைத்திருப்பார்கள். ஜெபக்கூட்டத்துக்கு எதிர்ப்பு வந்த ஊர்களும் உண்டு. அதனால் "வெளியே தெரிந்தால் விரோதிகளுக்கு வாய்ப்பாகிவிடும்" என்று சொன்னால் யாருக்கும் மனம் இளகும். அந்தப் பயம் நிஜமானது. அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பயத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு உள்ளே ஒருவரைக் காயப்படுத்துகிறவர், சபையைக் காக்கவில்லை; தன்னைக் காத்துக்கொள்கிறார். எதிர்ப்பின் நடுவில் கூடும் சபைக்கு மற்றவர்களைவிட அதிக நேர்மை வேண்டும், அதிகக் கணக்கு வேண்டும். தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பவுல், மூப்பர் மேல் குற்றச்சாட்டுக்கு இரண்டு மூன்று சாட்சி வேண்டும் என்கிறார். அதை எடுத்துக்காட்டி வாயை மூடச் செய்வார்கள். அடுத்த வசனம், பாவம் செய்தவர்களை எல்லோர் முன்னிலும் கண்டிக்கச் சொல்கிறது. அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, சுயாதீன சபைகளில் மட்டுமே இந்த வியாதி என்று நினைத்துவிட வேண்டாம். பழைய சபைகளில் ஐயர் சில வருடங்களில் மாற்றலாகிப் போய்விடுவார். செயலாளர், பொருளாளர் பதவி சில குடும்பங்களிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். புதிதாக வந்த ஐயர் கணக்கைக் கேட்டால் அவர்மேலேயே டயோசிஸுக்கு மனுப் போகும். அங்கே நலம் கெட்டிருப்பது கமிட்டி. எந்தத் தெருக்காரர் கமிட்டிக்கு வரலாம், எந்தச் சாதிக்காரர் கல்லறையில் எந்தப் பக்கம் என்று எழுதாத விதி ஓடுகிற சபைகளும் இதில் சேர்த்திதான். 3 யோவானில் வரும் தியோத்திரேப்பு சபையில் முதன்மையாயிருக்க விரும்பியவன்; சகோதரரை ஏற்றுக்கொள்ள மனதிருந்தவர்களைச் சபைக்குப் புறம்பே தள்ளினான். அவனைப் போன்றவர்கள் அங்கி போட்டும் இருக்கலாம், போடாமலும் இருக்கலாம்.

பாஸ்டர்கள் பக்கமும் பேச வேண்டும். அஞ்செட்டி மலைப்பாதையில் பழைய டிவிஎஸ் ஐம்பதில் போய், நாலு குடும்பத்துக்கு ஆராதனை நடத்தி, கேழ்வரகுக் களியும் கீரையும் சாப்பிட்டுத் திரும்புகிற ஊழியர்கள் இருக்கிறார்கள். மாதச் சம்பளம் என்று ஒன்று அவர்களுக்கு இல்லை. நலமற்ற தலைமை பல சமயம் கெட்ட எண்ணத்தில் பிறப்பதில்லை. புருஷனும் மனைவியும் நகையை அடகு வைத்து ஒரு சபையைத் தொடங்குகிறார்கள். பெருக்குவதும் பிரசங்கிப்பதும் அவர்களே. பத்து வருடம் கழித்துச் சபை வளர்ந்த பிறகும் எல்லாவற்றையும் தங்கள் கையிலேயே வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் வேறு விதம் அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு மேலே கண்டிக்க ஒருவர் இல்லை, பக்கத்தில் மனம் விட்டுப் பேச ஒருவர் இல்லை. அப்படிப்பட்டவரிடம் அன்போடு கேட்டால் முதலில் முகம் வாடும், ஒரு வாரம் கழித்து நோட்டைக் கொண்டுவந்து காட்டுவார். இதையும் பார்த்திருக்கிறேன். கேள்வியால் வருத்தப்படுகிறவரையும் கேட்டவரைத் தண்டிக்கிறவரையும் ஒன்றாக எண்ணக்கூடாது.

அடையாளம் தெரிந்த பிறகு

சந்தேகம் வந்தால் முதலில் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: என்ன சொன்னார், யார் இருந்தார்கள், எவ்வளவு பணம் எதற்குக் கொடுத்தீர்கள். நாள் ஆக ஆக நினைவு குழம்பும். "நீதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்ட" என்று நாலு பேர் சொன்னால் நமக்கே சந்தேகம் வந்துவிடும். அப்போது அந்த நோட்டு கைகொடுக்கும். தனியாகப் போகாமல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். முடிந்தால் எழுத்தில் கேளுங்கள். கத்தோலிக்கராக இருந்தால் ஆயர் இல்லம், சி.எஸ்.ஐ., லூத்தரன் ஆனால் டயோசிஸ் அல்லது சினாடு அலுவலகம் என்று மேலே போக இடம் உண்டு. மேலே யாருமே இல்லாத சபையில், கேட்டும் பதில் இல்லை, கேட்டதற்குத் தண்டனை வருகிறது என்றால், விலகுவதில் குற்றம் இல்லை. பணமோசடியோ அடியோ பாலியல் தொந்தரவோ நடந்திருந்தால் காவல் நிலையம்தான் இடம். அதற்கு எந்த மூப்பரின் அனுமதியும் வேண்டாம்.

விலகுவது லேசு என்று யாரும் சொல்லக்கூடாது. ஊரில் பாதி உறவு அங்கே இருக்கும். பிள்ளையின் சிநேகிதர்கள் அங்கே இருப்பார்கள். வருடக்கணக்காகப் பாடிய பாட்டு வேறு சபையில் வேறு ராகத்தில் இருக்கும். சில மாதங்களுக்கு எந்தச் சபைக்கும் போகாமல் வீட்டிலேயே வேதம் வாசித்து ஜெபிக்க வேண்டியிருந்தாலும், கர்த்தர் உங்களைக் கைவிட்டார் என்று அர்த்தமில்லை. விட்டுப்போனவர்களோடு பேசக்கூடாது என்று அந்தச் சபை சொல்லும். நீங்கள் இன்னும் உள்ளே இருப்பவரானால், அந்தச் சொல்லுக்குக் கீழ்ப்படியாதீர்கள். போன் பண்ணுங்கள், வீட்டுக்குப் போய் ஒரு டீ குடியுங்கள்.

வேறொரு சபையைத் தேடும்போது முதல் வாரமே உறுப்பினர் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். சில மாதங்கள் பின் வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். காணிக்கை எண்ணுகிறவர்கள் யார் என்று பாருங்கள். பாஸ்டரிடம், "ஐயா, நீங்க தப்பு பண்ணினா உங்களைக் கூப்பிட்டுச் சொல்றதுக்கு யார் இருக்காங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். ஒரு பெயரோ இரண்டு பெயரோ தயங்காமல் வந்தால் நல்லது. பிறகு, அந்தச் சபையை விட்டுக் கடைசியாகப் போன குடும்பம் எது என்று விசாரித்து, முடிந்தால் அவர்களையும் போய்ப் பாருங்கள். அவர்கள் சொல்வதையும், அவர்களைப் பற்றிச் சபையில் சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு எடுங்கள்.